பெயர் கேட்ட பிறகே எண்

2014 அக்டோபர் 29 காலை, இலங்கை மலையகத்தில் கொஸ்லாந்தை மீரியாபெத்தை தேயிலைத் தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் மண்ணுக்குள் போனபோது நான் பண்டாரவளையில் பிரதேசச் செய்தியாளன். போய்ச் சேர்வதற்குள் அலுவலகத்திலிருந்து நான்கு அழைப்புகள். நான்கிலும் ஒரே கேள்வி: "எத்தனை பேர்?" பாதையோரம் நின்ற ஒருவர் முந்நூறு என்றார். நானும் முந்நூறு என்றேன்.

அன்று பல ஊடகங்களும் நூற்றுக்கணக்கானோரைக் காணவில்லை என்றே எழுதின. அடுத்த நாட்களில் அந்த எண்ணிக்கை திரும்பத் திரும்பக் குறைந்தது. அந்த நேரத்தில் பிள்ளைகள் பலர் பாடசாலையில் இருந்தார்கள். பெரியவர்கள் பலர் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருந்தார்கள். முகாமில் ஒரு மூதாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி, எங்கள் லயத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை என்று போட்டுவிட்டீர்களாம். வவுனியாவில் இருக்கிற என் தங்கச்சி அதைக் கேட்டு மயங்கி விழுந்துவிட்டாள்" என்றார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் எனக்குத் தேநீர் தந்தார்.

சில ஆண்டுகள் கழித்து, போர்ச் செய்தி சேகரிப்பும் பொய்த்தகவல் எதிர்ப்பும் பற்றிய பட்டப்பின் படிப்பில் சேர்ந்தேன். இரத்தப்போக்கை நிறுத்துவது, நிழலின் நீளத்தைக் கொண்டு படம் எடுத்த நேரத்தைக் கணிப்பது, மலைமுகட்டின் வடிவத்தைச் செய்மதிப் படத்தோடு ஒப்பிட்டு இடத்தைக் கண்டுபிடிப்பது எல்லாம் கற்றுத் தந்தார்கள். போர்விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்படும் காணொளியைக் காட்டி எந்தப் போர் என்று கேட்டார்கள். ஆளுக்கொரு நாட்டைச் சொன்னோம். அது 'ஆர்மா 3' என்ற கணினி விளையாட்டில் பதிவு செய்யப்பட்டது. தங்கள் விளையாட்டின் காட்சிகள் உக்ரைன் போர்க் காட்சிகளாகப் பரப்பப்படுவதாக அதை உருவாக்கிய நிறுவனமே 2022இல் அறிக்கை விட்டிருக்கிறது.

ஆனால் என்னை உலுக்கியது உயிரிழப்புகளைப் பதிவு செய்வது பற்றிய பாடம். பெயர், வயது, இடம், கடைசியாகக் கண்டவர் யார். ஒருவரையொருவர் அறியாத இரண்டு சாட்சிகள். இவை இல்லாமல் எண் எழுதக்கூடாது. பொய் சொல்பவனுக்கு நம்முடைய தவறுதான் கைமுதல் என்று அன்று புரிந்தது. கூட்டிச் சொன்ன ஒரு எண் போதும். அதைக் காட்டியே உண்மையான இழப்பையும் இல்லை என்று சாதித்துவிடலாம்.

அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் இடையிலான போர் முற்றியிருந்த 2008 செப்டம்பரில் ஐ.நா. மற்றும் தொண்டு நிறுவனப் பணியாளர்களை வடக்கே வன்னிப் பகுதியைவிட்டு வெளியேறும்படி அரசாங்கம் உத்தரவிட்டது. சுதந்திரமான செய்தியாளர்களுக்கும் அங்கே இடமில்லை. பொதுமக்கள் உயிரிழப்பே இல்லை என்பதுதான் அரசாங்கத்தின் கொள்கை என்று சொல்லப்பட்டது. 40,000 பேர்வரை இறந்திருக்கக்கூடும் என்றது 2011இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை. இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை பெயர்கள்! 1977, 1983 கலவரங்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய எங்கள் சனங்களும் அங்கே இருந்தார்கள். அவர்களுடைய பெயர்களை யார் கேட்டார்கள்?

ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது தோட்டத்தைத்தான். தோட்டத்தின் வேலையாள் பதிவேடான செக்ரோலைப் பார்த்தால் போதும் என்று நினைத்திருந்தேன். அதில் வேலைக்குப் பெயர் பதிந்தவர்கள் மட்டுமே இருப்பார்கள். பாடசாலைப் பிள்ளையும் ஓய்வுபெற்ற தாத்தாவும் கொழும்புக் கடையில் நிற்கும் இளைஞனும் அதில் இல்லை. பாடசாலை இடாப்பு, வாக்காளர் பட்டியல், கோயில் திருவிழா வரிக் கணக்கு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தபோதுதான் ஒரு லயம் முழுமையாகத் தெரிந்தது. எந்த வீட்டில் யார் படுத்திருப்பார் என்பதை எந்தப் பதிவேட்டையும்விட நன்றாகச் சொன்னவர்கள் பக்கத்து வீட்டுப் பெண்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்தபோது, பாதைகள் உடைந்து தொலைபேசிகள் அடங்கிக் கிடந்தன. கிடைத்த சிறு இணைப்பிலும் குரல் பதிவுகள்: அணை உடைந்துவிட்டது, இன்ன தோட்டமே இல்லை. அலுவலகத்திலிருந்து அதே கேள்வி வந்தது. "பெயர் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், பொழுது சாயட்டும்" என்றேன். மறுமுனையில் எரிச்சல் தெரிந்தது. பொறுத்துக்கொண்டேன்.

அன்று மாலை, மகளை இழந்த தகப்பன் ஒருவர் என் குறிப்பேட்டை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, பிறப்புச் சான்றிதழில் பெயரைப் பிழையாக எழுதிவிட்டார்கள். நாங்கள் கூப்பிட்ட பெயர் வேறு."

இரண்டையும் எழுதிக்கொண்டேன். கூப்பிட்ட பெயரை முதலில்.