விறகு உடைக்க வந்தவர்

“இது மரம் வெட்டுகிற கோடாலி. விறகு பிளக்க ஆகாது” என்று சொல்லி, பக்கத்து வீட்டுப் பெரியவர் அதை என் கையிலிருந்து வாங்கிச் சுவரோரம் சாய்த்துவைத்தார். எனக்குச் சுருக்கென்றது. கோவில்பட்டிப் பக்கம் கரிசல்காட்டில் வளர்ந்தவனுக்கு நார்வேயில் ஒருவர் கோடாலிப் பாடம் எடுக்கிறாரே என்று இருந்தது.

எல்வெருமுக்கு வந்து அப்போது ஆறு மாதம். மனைவிக்கு இங்கே வேலை. க்ளோமா ஆற்றங்கரை ஊர், சுற்றிலும் காடு. 1985 வரை, வெட்டிய மரங்களை இந்த ஆற்றில் மிதக்கவிட்டுத்தான் கொண்டுபோனார்கள். வீட்டில் மின்சார ஹீட்டர் உண்டு. ஆனாலும் மைனஸ் 20 டிகிரிக்குக் குளிர் இறங்குகிற நாளில் கூடத்து இரும்பு அடுப்பில் நான்கு பிர்ச் மரக் கட்டை எரிந்தால்தான் உடம்பு நம்முடையதாகத் தெரிகிறது. முதல் குளிர்காலத்துக்கு 60 லிட்டர் மூட்டைகளில் விறகு வாங்கினோம். ஆமாம், லிட்டர்தான். இங்கே விறகை எடை போடுவதில்லை, அளக்கிறார்கள்.

மார்ச் மாதம் பெரியவர் தன் நிலத்தில் நாலைந்து பிர்ச் மரங்களைச் சாய்த்து, எனக்கும் பங்கு உண்டு என்றார். அன்றைக்குத்தான் அந்தப் பாடம். மரம் வெட்டும் கோடாலிக்கு மெல்லிய அலகு, நாரைக் குறுக்கே அறுக்க வேண்டும். பிளக்கும் கோடாலி வேறு ஜாதி. 2.5 கிலோ கனம், இரண்டு பக்கமும் கன்னம் உப்பி ஆப்பு மாதிரி இருக்கும். அது அறுப்பதில்லை. உள்ளே இறங்கி இரண்டு பக்கமும் தள்ளுகிறது. மெல்லிய அலகை ஓங்கிப் போட்டால் கட்டைக்குள் சிக்கிக்கொள்ளும், பிடுங்குவதற்குள் பாதி நாள் போய்விடும். அடிக்கட்டை மேல் ஒரு பழைய டயரைப் போட்டு அதற்குள் கட்டையை நிறுத்தினார். பிளந்த துண்டுகள் சிதறி ஓடாமல் அப்படியே நிற்கின்றன, குனிந்து குனிந்து பொறுக்க வேண்டியதில்லை. அந்த டயரைப் பார்த்ததும் குச்சியால் தட்டிக்கொண்டு கண்மாய்க் கரையில் ஓடியது ஞாபகம் வந்தது.

அப்புறம் அடித்துப் பார்த்தேன். ஈரம் உறைந்த பச்சை பிர்ச்! ‘டக்’ என்று ஒரே சத்தம், வெள்ளை வெளேரென்று இரண்டாகப் பிரிந்து விழுந்தது, புதுத் துணியைக் கிழித்த மாதிரி. இவ்வளவு இணக்கமான மரத்தை நான் பார்த்ததே இல்லை. கை ஓய மனசே வரவில்லை. அன்றிலிருந்து இது எனக்குப் பிடித்த வேலை. வசந்தத்தில் பிளந்து அடுக்கிவைத்தால் கோடை முழுக்கக் காய்ந்து ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். பட்டை மேலே பார்க்க அடுக்குவதா கீழே பார்க்க அடுக்குவதா என்பது இங்கே தீராத வழக்கு. 2013 பிப்ரவரியில் நார்வேயின் பொதுத் தொலைக்காட்சியான என்.ஆர்.கே. விறகைப் பற்றியே 12 மணி நேரம் ஒளிபரப்பியபோதும் மக்கள் அதைச் சொல்லித்தான் சண்டை போட்டிருக்கிறார்கள். பெரியவர் மேலே கட்சி. நானும் அதே கட்சி.

சரி, பழகிவிட்டது, இனி இதுதான் நம் ஊர் என்று மனைவியிடம் சொல்லியும்விட்டேன். அந்த வாரமே பெரியவர் வேலை முடிந்து, பிளாஸ்கைத் திறந்து, தான் குடிக்கிற மாதிரியே ஒரு கோப்பையில் காபி ஊற்றி நீட்டினார். அடிக்கட்டையில் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கோப்பை கையில் இருக்கிறது, மனசு எங்கள் வீட்டுப் பின்வாசலுக்குப் போய்விட்டது.

எங்கள் ஊரில் தினசரி அடுப்புக்குப் பருத்திமாரும் வேலிக்கருவையும் போதும். கல்யாணம், கோயில் கொடை என்றால்தான் பெரிய விறகு. புளியமரத்து அடித்தூர் வந்து இறங்கும். கறிக்கடைக்காரர் ஏன் புளியங்கட்டையில் கறி வெட்டுகிறார்? அது லேசில் பிளக்காது என்பதால்தான். அதைப் பிளக்க ஒருவர் வருவார். ஒரு கோடாலி, இரண்டு இரும்பு ஆப்பு, ஒரு சம்மட்டி. காம்பு ஊறி இறுகட்டும் என்று கோடாலித் தலையைத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டுத் தூரைச் சுற்றிச் சுற்றி வருவார். விரலால் தடவி நார் ஓடுகிற வாக்கைப் பார்ப்பார். கோடாலியால் ஒரு வாய் திறந்து ஆப்பை நடுவார். சம்மட்டி அடி விழ விழ அந்தச் சத்தம் மாறும். சத்தம் கனத்ததும் நிறுத்தி, வெடிப்பு ஓடுகிற வழியில் இரண்டாவது ஆப்பை வைப்பார். அது இறங்க, முதல் ஆப்பு தானே தளர்ந்து கையோடு வரும்.

அவருக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் ஆச்சி பின்வாசலில் நின்று உயரத்திலிருந்து ஊற்றுவாள். அவர் குனிந்து கை குவித்துக் குடிப்பார். என் வயதுக்கு நானே அவரை ‘வா, போ’ என்றுதான் பேசியிருக்கிறேன். நம் பேச்சில் கோடாலிக் காம்பு என்றால் இனத்தைக் காட்டிக்கொடுத்தவன். ஆப்பு வைத்தான் என்றால் கெடுத்துவிட்டான். இந்த நாட்டிலோ நம்பகமான மனிதரை ‘முழு விறகு’ என்று புகழ்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேனென்கிறது.

இங்கே எழுபது வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். இரண்டு வருஷமாகியும் பெரியவரின் பெயர் என் வாயில் தயங்கித்தான் வருகிறது.

போன மாதம் கணு நிறைந்த ஒரு அடித்தூரை அவர் ஒதுக்கிப் போட்டார். நான் ஆப்பும் சம்மட்டியும் கேட்டு வாங்கினேன். சுற்றி வந்தேன், விரலால் தடவினேன், வாய் திறந்தேன். சத்தம் கனத்ததும் நிறுத்தினேன். இரண்டாவது ஆப்பில் தூர் முனகிக்கொண்டே பிளந்தது. பெரியவர் முதல் ஆப்பைக் கையால் எடுத்துப் பார்த்தார்.

“யார் கற்றுத்தந்தது?”

“ஊரில் ஒருவர்.”

“அவர் பெயர் என்ன?”

மறுநாள் காலையில் அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார்.

“விறகு உடைக்கிறவர்னுதானய்யா சொல்லுவோம்” என்றார். “உங்க அப்பா இருந்தா தெரிஞ்சிருக்கும்.”