நேதாஜியும் ஒரு பெரியவரும்

"விமானமே விழவில்லை தம்பி. எல்லாம் நாடகம்."

பாதிச் சவரத்தில் முகத்தைத் திருப்பி அந்தப் பெரியவர் சொன்னார். சலூன்காரர் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். கன்னத்து நுரை காய்ந்துகொண்டிருந்தது. பெரியவருடைய அப்பா மலேயாவில் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவராம்.

1945 ஆகஸ்ட் 18, தைவானின் தைபே. அங்கே நடந்த விமான விபத்தில் நேதாஜி இறந்தார் என்பது அறிவிக்கப்பட்ட செய்தி. அந்த மரணத்தை முத்துராமலிங்கத் தேவரும் நம்பவில்லை.

இந்தச் சந்தேகத்தை நான் மதிக்கிறேன். மூன்று விசாரணைகள் நடந்ததும், 2016இல் ரகசியக் கோப்புகள் வெளிவந்ததும் இந்த விடாப்பிடியால்தான். கேட்காதவர்களுக்கு எந்த அரசும் அலமாரியைத் திறந்து காட்டுவதில்லை.

ஆனால், அதே விமானத்தில் சென்று தீக்காயங்களோடு பிழைத்த ஹபிபுர் ரஹ்மானின் சாட்சியம் இருக்கிறது. அந்த மூன்று விசாரணைகளில் ஒன்றான முகர்ஜி ஆணையம் விபத்தை மறுத்தது உண்மைதான். மற்ற இரண்டும் ஏற்றன. கண்ணால் கண்டவர் சொன்னதையும் 'சொல்லிக்கொடுத்த பொய்' என்று தள்ளினால், பிறகு எந்தச் சான்றுதான் நிற்கும்?

டோக்கியோவின் ரென்கோஜி கோயிலில் இருக்கும் அஸ்தியை இந்தியாவுக்குக் கொண்டுவரச் சொல்லி நேதாஜியின் மகள் அனிதா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

எண்பதைத் தாண்டிவிட்டார். இதற்கு மேலும் அவரைக் காக்க வைப்பது கொடுமை.