ஏற்காட்டு ஈரமும் பிரிண்டர் மையின் விலையும்

பிரிண்டர் மைக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா என்பதை, அச்சான தாள் எங்கே போய்ச் சேரும் என்பதை வைத்தே நான் முடிவு செய்கிறேன். ஏற்காட்டில் காப்பித்தூளும் மிளகும் பொட்டலமிட்டு விற்கும் எங்கள் வீட்டுத் தொழிலில் அச்சுச் செலவின் பெரும்பகுதி லேபிளுக்கே போகிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த ஊரில், மழைக்காலத்து மூடுபனி கடைக்குள்ளேயே வந்துவிடும். ஈரக் கையோடு பொட்டலத்தை எடுப்பவரின் விரலில் காலாவதித் தேதி ஒட்டிக்கொண்டு போய்விட்டால், அந்த லேபிள் இருந்தும் பயனில்லை.

பிரிண்டர் மையில் சாய மை, நிறமி மை என்று இரண்டு வகை உண்டு. சாய மையில் நிறம் நீரில் கரைந்திருப்பதால் அது தாளின் நாருக்குள் ஊறி இறங்குகிறது, பிறகு ஈரம் பட்டால் மறுபடியும் கசிகிறது. நிறமி மையிலோ நிறம் கரையாத நுண்துகள்களாகத் தாளின் மேற்பரப்பிலேயே தங்கி, உலர்ந்தபின் நீருக்கு எளிதில் அசைந்துகொடுப்பதில்லை. கம்பெனி மை என்றாலே நனையாது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: எச்.பி. ஜிடி53 கறுப்பு நிறமி மை, எப்சன் 003 கறுப்பு சாய மை, இரண்டுமே அசல்தான். ஒன்றுக்கென வடிவமைத்த பிரிண்டரில் மற்றொன்றை ஊற்றுவதும் சரிவராது.

65 மில்லி லிட்டர் கொண்ட 003 கறுப்புப் பாட்டில் 4,500 பக்கம் வரும் என்று கம்பெனி சொல்வது, ஐஎஸ்ஓ/ஐஇசி 24712 என்னும் ஐந்து பக்க மாதிரித் தொகுப்பைக் கொண்டு போட்ட கணக்கு. கரும்பின்னணியில் வெள்ளெழுத்து கேட்கும் என் மகனின் லேபிள் வடிவம் மையை அதிகம் குடிக்கும், அதற்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

விலை குறைந்த மாற்று மையை நான் ஒதுக்குவதில்லை. சேலத்தில் என் தங்கை பிள்ளைகளின் பாடத்தாள்களுக்காக வைத்திருப்பது, ஹெட் (மையைத் தாளில் தெளிக்கும் பாகம்) கார்ட்ரிட்ஜ் என்னும் மைப்பெட்டியிலேயே அமைந்த பிரிண்டர். ரீஃபில் மை அடைத்துக்கொண்டாலும் அந்தக் கார்ட்ரிட்ஜை மாற்றினால் போதும். ஹெட் இயந்திரத்தோடு பொருத்தப்பட்ட, பாட்டில் மையை ஊற்றும் டேங்க் பிரிண்டரில் அப்படிச் சோதித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. கோடையில் பல நாள் சும்மா கிடந்தால் ஹெட்டில் மை வெளிவரும் நுண்துளையான நாசில் காய்ந்துவிடும், ஹெட் கிளீனிங் கொடுக்கும்போதெல்லாம் மை வீணாகும். அதனால் வாரம் ஒரு பக்கமாவது அச்சிடும்படி தங்கையிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே லேபிளுக்கு அசல் நிறமிக் கறுப்பு, பூச்சில்லாத ஸ்டிக்கர் தாள். தங்கை வீட்டுக்கு ரீஃபில். மகன் கேட்கும் கரும்பின்னணி லேபிளைச் சேலத்து ஆஃப்செட் அச்சகத்தில் மொத்தமாக அடித்துக்கொள்கிறோம், தேதியை மட்டும் வீட்டில் பதிக்கிறோம்.