பள்ளத்தூர் டிவியும் பாதி தெரிந்த ஸ்கோரும்

பழைய எச்டி ரெடி டிவியில் பிஎஸ்4 கேம் கன்சோலை மாட்டினால் படத்தின் நாலு ஓரமும் கொஞ்சம் கொஞ்சம் காணாமல் போகும். பள்ளத்தூரில் எங்கள் ஆயா வீட்டில் இருப்பது அப்படியொரு 32 இஞ்ச் எல்சிடி. 1366-க்கு 768 பிக்சல். படைப்புக்கு (முன்னோருக்குப் படையலிடும் சடங்கு) எல்லாரும் கூடியிருந்த சமயம், மாமா மகன் சென்னையிலிருந்து பிஎஸ்4 கொண்டுவந்திருந்தான். கிரிக்கெட் கேம் போட்டால் அடியில் வரும் ஸ்கோர் பட்டையில் எண்களின் மேல்பாதி மட்டும் தெரிகிறது. 8-க்கும் 9-க்கும் வித்தியாசம் தெரியாது. கடைசி ஓவரில் எத்தனை ரன் வேண்டும் என்பதில் பையன்களுக்குள் சண்டையே வந்துவிட்டது.

"செய்தி எழுத்தெல்லாம் நல்லாத்தானப்பா ஓடுது, உங்க பெட்டியிலதான் கோளாறு" என்றார் ஐயா. நியாயமான கேள்விதான். டியூப் டிவி காலத்தில் மின்னழுத்தம் ஏறி இறங்கினால் படமும் விரியும், சுருங்கும். ஓரம் அசிங்கமாகத் தெரியக் கூடாது என்று படத்தைத் திரையைவிடச் சற்றுப் பெரிதாகவே காட்டுவார்கள். இதுதான் ஓவர்ஸ்கேன். எல்சிடி வந்தபிறகு அதற்குத் தேவையே இல்லை. ஆனாலும் பழக்கம் விடவில்லை. சேனல்காரர்கள் இதைத் தெரிந்து எழுத்தை ஓரத்திலிருந்து தள்ளியே வைப்பார்கள், அதனால் ஐயாவின் செய்தி தப்பித்தது. கேம்கள் பல விளிம்பு வரை எழுதும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது டிவியின் செட்டிங். எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஸ்கிரீன் ஃபிட்', சோனியில் 'ஃபுல் பிக்சல்' என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருப்பார்கள். ஆயா வீட்டில் ஒரிஜினல் ரிமோட் எப்போதோ போய்விட்டது. காரைக்குடி செக்காலை ரோட்டில் வாங்கிய டூப்ளிகேட்டில் படத்தின் அளவை மாற்றும் பட்டனே கிடையாது. டிவியின் பக்கவாட்டுப் பட்டன்களை அமுக்கி அமுக்கி மெனுவுக்குள் போனால், வேண்டிய அந்த ஒரு வரி மட்டும் மங்கிப்போய், தேர்ந்தெடுக்க முடியாதபடி நிற்கிறது.

காரணம் ரெசல்யூஷன், அதாவது கன்சோல் அனுப்பும் படத்தில் எத்தனை வரிகள் என்பது. பிஎஸ்4 தானாக 720p-க்குப் போயிருந்தது. இந்த டிவி அந்த வசதியை 1080i-க்குத்தான் (1080 வரி, ஆனால் ஒன்றுவிட்டு ஒன்றாக வருவது) தருகிறது. செட்டிங்ஸ், சவுண்ட் அண்ட் ஸ்கிரீன், வீடியோ அவுட்புட் என்று போய் 1080i வைத்ததும் மங்கிய வரி உயிர்பெற்றது, பட்டை முழுசாக வந்தது. ஆனால் மெல்லிய கோடுகள் எல்லாம் துடிக்கின்றன. பட்டன் அமுக்கி ஒரு கணம் கழித்துத்தான் மட்டை சுழல்கிறது. ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் வரிகளை டிவி சேர்த்துத் தைக்க எடுக்கும் நேரம் அது. படம் பார்க்க இது போதும், கிரிக்கெட்டுக்கு ஆகாது.

அதனால் திரும்ப 720p-க்கே வந்து, வேலையைக் கன்சோல் பக்கம் தள்ளினோம். அதே சவுண்ட் அண்ட் ஸ்கிரீனுக்குள் 'டிஸ்ப்ளே ஏரியா' என்று ஒன்று உண்டு. ஓரக் குறிகள் திரைக்குள் முழுதாகத் தெரியும்வரை படத்தைச் சுருக்க வேண்டியதுதான். பகலில் இதைச் செய்யாதீர்கள். வளவின் (வீட்டு முற்றத்தின்) வெயிலில் டிவியின் கறுப்புச் சட்டமும் படத்தின் கறுப்பு ஓரமும் ஒன்றாகவே தெரியும். விளக்கு வைத்தபிறகு செய்தால் அளவு சரியாகப் பிடிபடும். கூர்மை ஒரு மயிரிழை குறையும். 720-ஐ 768-ஆக இழுக்கிற டிவியில் அதற்காக வருத்தப்பட ஒன்றுமில்லை.

நடுவில் பெரியப்பா, இரண்டாங்கட்டில் இருக்கும் டியூப் டிவியில் போடலாமே என்றார். எச்டிஎம்ஐ-யை ஏவி ஆக்கும் குட்டிப் பெட்டி வைத்துப் பார்த்தோம். அகலப் படத்தை 4:3 திரைக்குள் நெருக்கியதில் பேட்ஸ்மேன்கள் எல்லாரும் ஒட்டடைக் குச்சி மாதிரி நின்றார்கள். எழுத்து சுத்தமாகப் படிக்க முடியவில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ரெசல்யூஷனை மாற்றித் திரை கறுத்துப்போனால் பதறாதீர்கள். சற்றுப் பொறுத்தால் தானே பழையபடி திரும்பும். அப்படியும் வராவிட்டால் பிஎஸ்4-ஐ முழுதாக அணைத்துவிட்டு, இரண்டாவது பீப் கேட்கும்வரை, ஏறக்குறைய 7 விநாடி, பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். சேஃப் மோட் என்ற அவசர மெனு வரும்; கன்ட்ரோலரை யுஎஸ்பி கேபிளில் சொருகினால் அதில் ரெசல்யூஷனை மாற்றும் வழி இருக்கிறது.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: இந்தச் சுருக்கம் டிவியில் இல்லை, கன்சோலில் பதிந்திருக்கிறது. சென்னைக்குப் போய்ப் புது டிவியில் மாட்டினால் நாலு பக்கமும் கறுப்புக் கரை கட்டி நிற்கும். அங்கே டிஸ்ப்ளே ஏரியாவைத் திரும்ப முழு அளவுக்கு விரித்துவிடச் சொல்லித்தான் மாமா மகனை பஸ் ஏற்றிவிட்டேன்.