ஆடு போனபின் அடைத்த பட்டி

குவாங்சோவில் வீடு மாறிய வாரத்தில் எனக்கு ஒரு பிசகு நேர்ந்தது. விடுதியில் தங்காத வெளிநாட்டவர் குடிபுகுந்த 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் தம் முகவரியைப் பதிந்துகொள்ள வேண்டும் என்பது சீனச் சட்டம். பெட்டிகளைப் பிரிப்பதிலும் எரிவாயு இணைப்புக்கு அலைவதிலும் அதை மறந்துவிட்டு, மூன்றாம் நாள்தான் கடவுச்சீட்டுடன் ஓடினேன். நல்லவேளையாக, எச்சரித்து அனுப்பினார்கள். உடன் வந்திருந்த வீட்டுக்கார அம்மா திரும்பும் வழியில், "வாங் யாங் பு லாவ்" என்றார்.

அன்றிரவு கைப்பேசி அகராதியில் தேடினேன். ஆட்டைத் தொலைத்தபின் பட்டியைச் சரிசெய்வது என்று சொற்பொருள் தந்து, குதிரை ஓடியபின் லாயத்தைப் பூட்டுவது என்னும் ஆங்கிலப் பழமொழியை அதற்கு ஈடாகக் காட்டியிருந்தார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று குத்திக்காட்டிவிட்டாரே என மனம் நொந்துபோய், இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவரே தேநீருக்கு அழைத்துக் காரணம் கேட்டார். சொன்னதும் பதறிப்போய், நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் அந்த நான்கு எழுத்துகளையும் எழுதினார். பட்டியைக் குறிக்கும் கடைசி எழுத்தில் மேலே ஒரு கூரை, அதன்கீழ் ஒரு மாடு. பக்கத்திலேயே, வழக்கமாகச் சொல்லாமல் விடப்படும் பின்பாதியையும் எழுதிக் காட்டினார்: 'இன்னும் காலம் கடந்துவிடவில்லை.'

பண்டைய சீனாவில் சூ நாட்டு மன்னன் சியாங், சுவாங் ஷின் என்ற அமைச்சரின் எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு, கி.மு. 278இல் சின் நாட்டுப் படையிடம் தலைநகரையே இழந்தான். பிறகு அவரைத் திரும்ப அழைத்து வழி கேட்டபோது, அவர் மன்னனைத் தேற்றச் சொன்ன சொல் இது. ஆங்கில ஈட்டில் இருப்பது ஏளனம். மூலத்தில் இருப்பதோ ஆறுதல். கிணற்றுத் தவளை போன்றவை சீனத்திலும் தமிழிலும் ஒன்றுபோலவே இருப்பதால் நமக்குச் சிக்கலில்லை. ஆனால் இப்படிப் பாதி மறைந்து நிற்கும் தொடர்களை, கதை தெரிந்தவரிடம் கேட்காமல் ஆங்கிலத்தின் வழியே மட்டும் கற்பது ஆபத்து என்றே கருதுகிறேன்.

கிளம்பியபோது வாசல்வரை வந்து, "மான் ச்சோ" என்றார். மெதுவாக நடங்கள் என்பது சொற்பொருள். படியிறங்குகிறவரிடம் நம் வீடுகளில் "பார்த்துப் போங்க" என்போமே, அதுதான்.