தோசைக்கரண்டியும் எட்டிப்பார்க்கும் ஓட்டையும்

படுக்கப் போகும்போது போனில் பார்த்தேன். இரவில் 2 டிகிரி வரை இறங்கும் என்று இருந்தது. பூஜ்யத்துக்கு மேலேதானே, ஐஸ் எங்கிருந்து வரப்போகிறது என்று நிம்மதியாகத் தூங்கினேன். காலை ஆறே முக்காலுக்கு ஜெர்மனியில் எங்கள் ஷ்டுட்கார்ட் தெருவில் இறங்கிப் பார்த்தால், கார் முழுக்க யாரோ இடியாப்ப மாவைச் சலித்துக் கொட்டியது போல வெள்ளை.

கராஜ் இல்லாதவர்கள் தெருவிளக்கின் கீழே வண்டியை விடுவதற்கு இந்த ஊரில் ‘லாட்டர்னென்கராஜே’ என்று பெயர். விளக்குக்கம்பக் கராஜ். வாடகை கிடையாது, கூரையும் கிடையாது. அந்தக் கூரை இல்லாததுதான் வினை. மேகமில்லாத இரவில் கண்ணாடி தன் சூட்டையெல்லாம் வானத்துக்குத் தாரைவார்த்துவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துபோகிறதாம். காற்று 2 டிகிரியில் இருக்கும், கண்ணாடி பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். பக்கத்தில் பைன் மரத்தடியில் நின்ற ஓட்டை வண்டியில் பொட்டுப் பனி இல்லை. காக்கா எச்சத்துக்குப் பயந்து அந்த இடத்தை வேண்டாம் என்றவன் நான்.

பனிச் சுரண்டி வாங்கணும் வாங்கணும் என்று அக்டோபரிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன். வாங்கவில்லை. சரி, எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டரைப் போட்டால் தானாக உருகும், அதற்குள் மேலே போய் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம் என்று ஸ்டார்ட் செய்தேன். கதவைக்கூடச் சாத்தவில்லை, இரண்டாம் மாடி ஜன்னல் திறந்தது.

“மோட்டோர் அவுஸ்!”

எதிர்வீட்டுப் பாட்டி. எஞ்சினை அணை என்கிறார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் பாதி, அவர் திட்டித் திட்டிக் கற்றுக்கொண்டதுதான். நிற்கிற வண்டியில் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் 80 யூரோ அபராதம். அணைத்தேன்.

மதுரைக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “ஒரு சொம்பு வெந்நியை ஊத்துடா.” அப்பா, சில்லிட்ட கண்ணாடியில் வெந்நீர் பட்டால் விரிசல் விட்டுவிடும், ஊற்றின தண்ணீரும் காலடியிலேயே உறைந்து நான் வழுக்கி விழுவேன் என்றேன். “அப்ப உப்பைப் போடு.” அவரிடம் எல்லாவற்றுக்கும் சமையல்கட்டிலேயே வைத்தியம் உண்டு. சமையல்கட்டு என்றதும்தான் எனக்கு அது ஞாபகம் வந்தது. நான்ஸ்டிக் தவாவுக்கு வாங்கிய பிளாஸ்டிக் தோசைக்கரண்டி!

மனைவி எழுந்துவிடாமல் பூனை மாதிரி போய் எடுத்துவந்தேன். கண்ணாடியின் நடுவில் வைத்துத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகிறது. தோசையை யாராவது நடுவிலிருந்தா எடுப்பார்கள்? ஓரத்தில் கரண்டியை நுழைத்து, லேசாகச் சாய்த்து ஒரு தள்ளு. கர்ர்ர் என்று கிளம்பியது. தேங்காய்த் துருவல் மாதிரி பொலபொலவென்று உதிர்ந்து, பாதி என் கையுறைக்குள்ளேயே போய் விழுந்தது. பத்து நிமிடத்தில் டிரைவர் பக்கம் ஒரு ஊத்தப்பம் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. இது போதும் என்று ஏறி உட்கார்ந்தேன்.

“குக்லோஹ்!”

எட்டிப்பார்க்கும் ஓட்டை என்று அர்த்தம். ஓட்டை வழியாகப் பார்த்து வண்டி ஓட்டினால் 10 யூரோ. இவர்களிடம் எதற்கும் ஒரு சொல் இருக்கும், அதற்கு ஒரு விலையும் இருக்கும்.

இந்த முறை பாட்டி நைட்டி மேல் கோட்டை மாட்டிக்கொண்டு கீழேயே வந்துவிட்டார். என் கையிலிருந்த கரண்டியை மேலும் கீழும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கு 80 யூரோ கட்டியிருக்கலாம். பிறகு கதவைத் திறந்து, டாஷ்போர்டில் கிடந்த நீல நிற பார்க்கிங் டிஸ்கை எடுத்தார். வண்டியை எத்தனை மணிக்கு நிறுத்தினோம் என்று வட்டைத் திருப்பி வைப்போமே, அதேதான். அதன் ஓரத்தைக் கண்ணாடியில் வைத்து ஒரே இழுப்பு. பட்டையாகப் பனி கழன்று வந்தது. ஒரு வருஷமாக அந்த ஓரம் ஏன் பல் பல்லாக இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. அழகுக்கு என்று நினைத்திருந்தேன்.

ஐந்தே நிமிடத்தில் முழுக் கண்ணாடியும் பளிச். டாங்கே, டாங்கே என்று நாலு தடவை சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

தெருமுனை சிக்னலில் பிரேக் போட்டேன். தலைக்கு மேலே சர்ரென்று ஒரு சத்தம். கூரையிலிருந்து ஏதோ வழுக்கி வந்து, துடைத்த கண்ணாடியில் என் மூக்குக்கு நேராக நின்றது. அதே நேரம் வண்டி ஸ்பீக்கரில் மனைவியின் குரல்.

“ஏங்க, தோசைக்கரண்டியைப் பார்த்தீங்களா?”

“பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்” என்றேன்.