1.23 இலிருந்து 1.25க்கு: சேவை நிற்காமல் ஒரு கிளஸ்டர் அப்கிரேடு

குபெர்னெட்டீஸ் கிளஸ்டரை (செயலிகளைக் கண்டெய்னர்களாக ஓட்டும் சர்வர் கூட்டத்தை) எப்படி அப்கிரேடு செய்வது என்று கேட்டால், எல்லோரும் கட்டளைகளைத்தான் வரிசையாகச் சொல்வார்கள். கட்டளைகள் எளிது. ஓடிக்கொண்டிருக்கும் கண்டெய்னரை, அந்த நேரத்தில் அதைப் பயன்படுத்துகிறவருக்குத் தெரியாமல் நிறுத்துவதில்தான் எங்களுக்கு வேலையே இருந்தது.

எங்களுடையது கிளவுடில் சர்வர் எடுத்து, கியூப்அட்ம் என்ற நிறுவும் கருவியைக் கொண்டு நாங்களே கட்டிய கிளஸ்டர். கிளஸ்டரை நிர்வகிக்கும் மூன்று கண்ட்ரோல் பிளேன் நோட்கள் (நோட் என்றால் ஒரு சர்வர்), மற்றவை சேவைகளை ஓட்டும் வொர்க்கர்கள், எல்லாம் கண்டெய்னரை இயக்கும் டாக்கரோடு 1.23 இல் இருந்தன. மே 2022 இல் வந்த 1.24, டாக்கரோடு பேச உதவிய டாக்கர்ஷிம்மைத் தூக்கிவிட்டது. ஆகஸ்டில் வந்த 1.25 இல், பாட்களுக்கு (சேர்ந்து ஓடும் கண்டெய்னர் தொகுப்புகளுக்கு) பாதுகாப்பு விதி போடும் பாட் செக்யூரிட்டி பாலிசியும் போனது. ஒரு பதிப்புக்கு ஏறக்குறைய 14 மாதம்தான் ஆதரவு என்பதால், ரொம்ப நாள் தள்ளிப்போடவும் முடியாது.

கண்ட்ரோல் பிளேனை ஒவ்வொரு படியாகத்தான் ஏற்ற முடியும், 1.24ஐத் தாண்டிக் குதிக்க வழியில்லை. ஆனால் வொர்க்கரில் பாட்களைப் பார்த்துக்கொள்ளும் கியூப்லெட், கண்ட்ரோல் பிளேனில் கட்டளைகளை வாங்கும் ஏபிஐ சர்வரைவிட இரண்டு பதிப்பு பின்தங்கி இருக்கலாம் (1.28 முதல் மூன்று). இந்தச் சலுகையைத்தான் பிடித்துக்கொண்டோம். கண்ட்ரோல் பிளேன் 1.25க்குப் போகும்வரை வொர்க்கர்களைத் தொடுவதில்லை. பிறகு 1.25 போட்ட புத்தம்புது சர்வர்களைச் சேர்த்து, எல்லாவற்றையும் அவற்றுக்கு மாற்றிவிட்டு, பழையவற்றை அழிப்பது. ஒவ்வொரு சேவையும் ஒரே ஒரு முறை இடம் மாறினால் போதும். கொஞ்ச காலம் இரட்டைச் சர்வருக்கு வாடகை கட்ட வேண்டும். கிளவுட் என்ற பெயருக்கு அந்த வசதியாவது இருக்கட்டுமே!

முதலில், புதிய பதிப்பில் நீக்கப்படும் பழைய ஏபிஐகளை இன்னும் யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தோம். ஏபிஐ சர்வரே அதற்கு ஒரு மெட்ரிக் தருகிறது, 1.19 முதல் உண்டு. கிரான்ஜாப்களும் (நேரம் வைத்து ஓடும் வேலைகள்) பாட் டிஸ்ரப்ஷன் பட்ஜெட்களும் (ஒரே நேரத்தில் எத்தனை பாட்களை வெளியேற்றலாம் என்ற வரம்பு) அப்படிப்பட்ட பீட்டா ஏபிஐயில் இருந்தன. பதிப்பு வரியை மாற்றினால் போதும் என்று தோன்றும், ஆனால் பட்ஜெட்டில் ஒரு சூட்சுமம் உண்டு. எந்தப் பாட்களுக்கு என்று சொல்லும் செலக்டரைக் காலியாக விட்டால் பீட்டாவில் எந்தப் பாட்டும் அதில் அடங்காது. புதிய பதிப்பில் அந்த நேம்ஸ்பேஸில் (கிளஸ்டருக்குள் ஒரு பிரிவு) இருக்கிற அத்தனையும் அடங்கிவிடும்! இப்படிப்பட்ட ஒன்று எங்களிடமும் இருந்தது.

கண்ட்ரோல் பிளேன் பகுதியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கிளஸ்டரின் தரவுகள் இருக்கும் எட்சிடியை ஸ்னாப்ஷாட் எடுத்தோம். ஒவ்வொரு நோடையும் கோரிக்கைகளைப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சரிலிருந்து கழற்றி, டாக்கருக்குப் பதிலான கண்டெய்னர்டீக்கு மாற்றி, அப்கிரேடு செய்து, திரும்பச் சேர்த்தோம். மூன்றில் இரண்டு இருந்தால்தான் எட்சிடி எழுதும் என்பதால் ஒன்று முழுதாகத் தேறும்வரை அடுத்ததைத் தொடவில்லை. பலரும் பயப்படுவது இந்தக் கட்டத்துக்குத்தான். ஆனால் ஏபிஐ சர்வர் சிறிது நேரம் படுத்தாலும் ஏற்கெனவே ஓடும் பாட்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும், புதிதாக எதையும் மாற்ற முடியாது, அவ்வளவே. ஒன்றை மட்டும் முன்பே தேடிவிடுங்கள்: 1.24 இல் மாஸ்டர் என்ற லேபிளை கியூப்அட்ம் நீக்கிவிடும். அதை நம்பி எழுதிய பாட் ஏதாவது இருந்தால், மறுமுறை தொடங்கும்போது இடம் கிடைக்காமல் பெண்டிங்கில் நிற்கும்.

புதிய வொர்க்கர்களில் முதலில் ஒன்றை மட்டும் சேர்த்து, முக்கியமில்லாத சேவைகளை அதில் ஓடவிட்டோம். அங்கே ஒரு பழைய ஜாவா 8 சேவை நினைவகம் போதாமல் செத்துச் செத்து எழுந்தது. புதிய சர்வரில் உபுண்டு 22.04. அது கண்டெய்னருக்கு வரம்பு போட சிகுரூப் 2ஐப் பயன்படுத்துகிறது. 8u372க்கு முந்தைய ஜாவா 8க்கு அதைப் படிக்கத் தெரியாது. கண்டெய்னரின் வரம்பை விட்டுவிட்டு முழுச் சர்வரின் நினைவகத்தைப் பார்த்து ஹீப்பை (ஜாவா தனக்கு ஒதுக்கும் நினைவகம்) பெரிதாக்கிக்கொள்ளும். இமேஜை மாற்றியதும் சரியானது.

அப்புறம்தான் டிரெயின், அதாவது ஒரு நோடில் இருக்கும் பாட்களை வெளியேற்றிக் காலியாக்குவது. பில்லிங் குழுத் தம்பி முதலிலேயே வந்து சொல்லிவிட்டான்: "அண்ணா, மாசக் கடைசில மட்டும் எங்க சர்வீஸத் தொடாதீங்க." அவன் சேவைக்கு ஒரே ஒரு ரெப்ளிகா (ஓடும் பிரதி), பட்ஜெட்டில் குறைந்தது ஒன்று ஓட வேண்டும் என்ற விதி. மாசக் கடைசி மட்டுமல்ல, எந்த நாளிலும் அந்த நோடை டிரெயின் செய்ய முடியாது. வெளியேற்றக் கேட்கும்போதெல்லாம் இப்போது முடியாது என்று 429 பிழை வரும், டிரெயின் கட்டளை ஐந்து விநாடிக்கு ஒருமுறை மறுபடி முயன்றுகொண்டே இருக்கும். ரெப்ளிகாவை இரண்டாக்கி, ஒன்று வரை இல்லாமல் போகலாம் என்று விதியை மாற்றச் சொன்னோம்.

இதைவிடப் பெரிய தலைவலி, பின்னால் இருக்கும் சேவை சரியாகப் பதில் தராதபோது வரும் 502 பிழை. ஒரு பாட் நிறுத்தப்படும்போது இரண்டு வேலைகள் தனித்தனியாக ஓடுகின்றன. கியூப்லெட் செயலிக்கு சிக்டெர்ம் (முடித்துக்கொள் என்ற சமிக்ஞை) அனுப்புகிறது. இன்னொரு பக்கம் பாட்டின் முகவரி, கோரிக்கை அனுப்ப வேண்டிய எண்ட்பாயிண்ட் பட்டியலிலிருந்து நீங்கி, அந்தச் செய்தி ஒவ்வொரு நோடுக்கும் வெளிக் கோரிக்கைகளை வாங்கும் இன்கிரஸுக்கும் போய்ச் சேர வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்று காத்திருப்பதில்லை. கடை ஷட்டரை இறக்கிய பிறகும் தெருமுனையில் ஒருவர் "உள்ளே போங்க" என்று ஆளை அனுப்பிக்கொண்டே இருப்பது போல. அதற்காக, சிக்டெர்முக்கு முன் ஓடும் பிரீஸ்டாப்பில் பத்து விநாடி தூக்கம் வைத்தோம். அந்தப் பத்தும் நிறுத்துவதற்கான மொத்த அவகாசத்தில் சேரும். இயல்பாக அது 30 விநாடிதான். நீண்ட நேரம் எடுக்கும் அறிக்கைச் சேவைக்கு அதை 60 ஆக்கினோம்.

சில சேவைகளில் இவ்வளவு செய்தும் கோரிக்கைகள் பாதியில் அறுந்தன. இமேஜைக் கட்டும் டாக்கர்ஃபைலில் செயலியை ஷெல் வழியாகத் தொடங்கியிருந்தார்கள். சிக்டெர்ம் ஷெல்லோடு நின்றுவிடும், செயலிக்குப் போய்ச் சேராது. அவகாசம் முடிந்ததும் ஒரேயடியாகக் கொல்லப்படும். ஷெல்லின் இடத்தில் செயலியையே ஓடவைக்கும் எக்ஸெக் என்று ஒரு சொல் சேர்த்தால் தீரும் விஷயம். எந்த அப்கிரேடு வழிகாட்டியிலும் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை டிரெயினின் கையில் விடவில்லை. எழுதுவதை ஏற்கும் பிரைமரியை முன்பே புதிய நோடில் இருந்த ரெப்ளிகாவுக்கு நாங்களே மாற்றிவிட்டு, பிறகுதான் பழைய நோடைத் தொட்டோம். டிஸ்க் கிளவுடின் எந்த ஸோனில் (தரவு மையப் பிரிவில்) இருக்கிறதோ அதே ஸோனில் புதிய நோடும் இருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொண்டோம்.

டிரெயின் முடிந்தவுடன் பழைய சர்வரை அழிப்பதும் சரியில்லை. பாட்கள் போய்விட்டாலும் வெளி லோட் பேலன்சர் இன்னும் அந்தச் சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும், அதை அங்கிருக்கும், நோடின் போக்குவரத்தைத் திருப்பிவிடும் கியூப்பிராக்சி வேறு நோடுக்குத் தள்ளிவிடும். அதனால் முதலில் லோட் பேலன்சர் பட்டியலிலிருந்து எடுத்து, இருக்கிற இணைப்புகள் தீரும்வரை விட்டுவைத்தோம். வெளியிலிருந்து விநாடிக்கு ஒரு கோரிக்கை அனுப்பும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்று முழு நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் பிழை ஏதும் இல்லை என்று பார்த்த பிறகே ஒவ்வொரு சர்வராக அணைத்தோம்.